கதிரவன் கரை: ஓய்வு விற்கும் ஊர்களின் கதை

இக்கட்டுரையின் முதல் படியைப் பார்த்த தோழி ஒருத்தி, அதில் வந்த 'மாலகா' என்ற சொல்லையெல்லாம் அடித்து 'மலாக்கா' என்று திருத்தி வைத்திருந்தாள். பிழை அவளுடையதன்று. நம் காதுக்கு இரண்டும் ஒன்று போலவே ஒலிக்கின்றன. ஆனால் இங்கே சொல்லப்போவது ஸ்பெயின் நாட்டின் தென்கோடியில், மத்தியதரைக் கடலைப் பார்த்து அமைந்திருக்கும் மாலகா மாகாணத்தைப் பற்றி. அதன் கடலோரத்திற்குக் 'கோஸ்டா டெல் சோல்' என்று பெயர். தமிழில் 'கதிரவன் கரை' எனலாம்.

கடற்கரைக்குப் போவது என்றால் நம்மில் பலருக்குப் போர்ட்டிக்சன்தான். பேருந்து ஒன்றை வாடகைக்கு எடுத்து, விடியற்காலையில் புளிச்சோறும் கோழிப் பெரட்டலும் கட்டிக்கொண்டு கிளம்பி, பொழுது சாய்வதற்குள் ஈர உடையோடு வீடு திரும்புவோம். கடல் அங்கே இருக்கிறது, நாம் போகிறோம், அவ்வளவுதான் என்று நானும் நினைத்திருந்தேன். சுற்றுலாத் துறைப் பாடம் ஒன்றுக்காகக் கதிரவன் கரையைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகு அந்த எண்ணம் மாறியது. கடல் இயற்கையாக இருக்கலாம். கடற்கரை உல்லாசத் தலம் இயற்கையாக வந்ததன்று. சிலர் அதை உருவாக்குகிறார்கள். வேறு சிலர் அதில் வேலை செய்கிறார்கள். இன்னும் சிலர் அதற்கு இடம் விட்டு விலகிப் போகிறார்கள். ஓர் ஏழைக் கடலோரம் ஒரே தலைமுறைக்குள் எப்படி உலகப் புகழ்பெற்ற ஓய்வுத் தலமானது, அதனால் யாருக்கு என்ன கிடைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிலமும் வெயிலும்

கதிரவன் கரையின் நீளம் ஏறக்குறைய 160 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து மலாக்காவுக்குப் போகும் தூரத்தைவிடச் சற்று அதிகம். நடுவில் மாலகா நகரம். அதற்கு மேற்கே தொரெமோலினோஸ், பெனால்மாதெனா, ஃபுவெங்கிரோலா, மார்பெல்லா, எஸ்டெபோனா ஆகிய ஊர்கள் வரிசையாக ஜிப்ரால்ட்டர் பக்கம் நீள்கின்றன. கிழக்கே நெர்ஹா. கடலுக்குப் பின்னால், சில இடங்களில் கைக்கெட்டும் தூரத்தில், மலைகள் எழுந்து நிற்கின்றன. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றை அவை தடுத்துவிடுவதால் ஐரோப்பா பனியில் உறைந்திருக்கும் மாதங்களிலும் இங்கே மெல்லிய வெயில் காய்கிறது. ஆண்டுக்குச் சுமார் 2,900 மணி நேர வெயில் மாலகாவுக்குக் கிடைக்கிறது. வெயிலைக் கண்டால் குடை விரிக்கும் நமக்கு இது பெருமையாகத் தோன்றாமல் போகலாம். லண்டனிலும் ஸ்டாக்ஹோமிலும் இருப்பவருக்கு இதுதான் விற்பனைச் சரக்கு.

கடல்நீர் மட்டும் நாம் எதிர்பார்ப்பதுபோல் இராது. ஜிப்ரால்ட்டர் நீரிணை வழியாக அட்லாண்டிக் பெருங்கடலின் குளிர்ந்த நீர் உள்ளே வருவதால், கோடையின் உச்சத்திலும் கால் வைத்தவுடன் உடல் சிலிர்க்கும் நாட்கள் உண்டு.

கடலுக்கு முதுகு காட்டிய ஊர்கள்

இக்கடலோரத்தின் பழைய ஊர்கள் பல கடற்கரையில் இல்லை. மிஹாஸ், பழைய பெனால்மாதெனா போன்றவை மலைச் சரிவில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. காரணம் கடற்கொள்ளையர். வட ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த கொள்ளையர்கள் ஊரைச் சூறையாடுவதோடு நிற்காமல் ஆட்களையும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆகவே கரை நெடுகிலும் காவற்கோபுரங்கள் கட்டப்பட்டன. ஒரு கோபுரத்தில் தீ மூட்டினால் அடுத்த கோபுரம் அதைக் கண்டு தீ மூட்டும். 'தொரெமோலினோஸ்' என்ற பெயரிலேயே ஒரு கோபுரம் இருக்கிறது. 'தொரெ' என்றால் கோபுரம். 'மோலினோஸ்' என்றால் ஆலைகள். ஊற்று நீரால் சுழன்ற மாவாலைகள் அங்கே பல இருந்தன. 1920-களில் அந்த ஊற்று நீர் மாலகா நகரத்தின் குடிநீருக்காகத் திருப்பிவிடப்பட்டதும் ஆலைகள் ஓய்ந்தன. 1924-இல் ஊரே மாலகா நகராட்சியுடன் இணைக்கப்பட்டது. தனி நகராட்சியாகப் பிரிந்து வர அதற்கு 1988 வரை ஆயிற்று. உலகமே அறிந்த ஓர் உல்லாச நகரம், தன் புகழின் உச்சக்கட்டம் முழுவதும் வேறொரு நகரத்தின் புறநகராகவே இருந்தது என்பது பலர் அறியாத செய்தி.

கரையில் வாழ்ந்தவர்கள் மீனவர்கள். அவர்களின் பழைய தொழில் கரைவலை இழுப்பது. 'ஹாபெகா' என்னும் நீண்ட துடுப்புப் படகில் வலையை அரைவட்டமாகக் கடலில் விட்டு, இரு முனைகளையும் கரையில் நின்று ஆட்கள் சேர்ந்து இழுப்பார்கள். படகின் முகப்பில் இருபுறமும் கண் வரைந்திருக்கும். நம் மக்களுக்குப் புரியாத தொழில் அன்று இது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கரைவலை இழுத்தவர்களுக்கு அந்தப் படகைக் காட்டினால், பெயர் கேட்காமலே என்ன செய்வதென்று தெரிந்துவிடும்.

மற்றத் தொழில்களும் இல்லாமலில்லை. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் மார்பெல்லாவுக்கு அருகே இரும்பு உருக்காலைகள் புகைந்தன. அரபு மக்கள் கொண்டுவந்த கரும்பு இக்கரையில் பல நூற்றாண்டுகள் விளைந்தது. கிழக்கே கிரனாடா கடலோரத்தில் கடைசி அறுவடை நடந்தது 2006-இல்தான். திராட்சைத் தோட்டங்கள் மாலகாவின் பெருஞ்செல்வம். 1878-இல் 'ஃபிலாக்சேரா' என்ற வேர்ப்பூச்சி அத்தோட்டங்களைத் தாக்கியது. சில ஆண்டுகளில் மலைச் சரிவுகள் மொட்டையாயின. பிழைப்புக்காக மக்கள் கப்பலேறினார்கள்.

தோட்டங்கள் அழிந்தபின் விற்பதற்கு வேறென்ன இருக்கிறது என்று நகரத்துப் பெரியவர்கள் யோசித்தார்கள் போலும். 1897-இல் மாலகாவின் தட்பவெப்பத்தைப் பரப்புவதற்கும் நகரத்தை அழகுபடுத்துவதற்கும் என்றே ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் அவர்கள் அழைத்தது கோடைப் பயணிகளை அல்லர். குளிர்காலத்தில் இருமலோடு வரும் செல்வந்தர்களை. வெயிலில் படுத்து உடலைக் கறுக்க வைப்பது அப்போது நாகரிகமாகக் கருதப்படவில்லை. வெயிலில் கறுத்தவன் கூலியாள், வெளுத்தவன் கனவான். இந்தக் கணக்கு ஐரோப்பாவில் மாறிவிட்டது. நம்மிடம் இன்னும் மாறவில்லை என்பதற்கு நம் தொலைக்காட்சி முகப்பூச்சு விளம்பரங்களே சான்று.

'கோஸ்டா டெல் சோல்' என்ற பெயரும் விளம்பரத்திற்காகப் பிறந்ததே. 1928-இல் அல்மெரியாவில் தங்கும் விடுதி நடத்திய ஓர் ஆஸ்திரியர் அதைச் சூட்டினார் என்பர். அல்மெரியாவுக்குச் சூட்டிய பெயரைப் பின்னர் மாலகா எடுத்துக்கொண்டது. அவ்விரு நகரங்களையும் இணைக்கும் கடலோரச் சாலையில்தான் இக்கட்டுரையின் அடுத்த பகுதி நடக்கிறது.

அதே சாலை

1936-இல் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. மாலகா குடியரசு அரசாங்கத்தின் பக்கம் நின்றது. 1937 பிப்ரவரி 8ஆம் நாள், ஜெனரல் ஃபிராங்கோவின் படைகளும் அவருக்குத் துணையாக வந்த இத்தாலியப் படைகளும் நகரத்தைக் கைப்பற்றின. பழிவாங்கலுக்கு அஞ்சிய மக்கள் முதல் நாளிலிருந்தே நகரத்தை விட்டு வெளியேறத் தொடங்கியிருந்தனர். போவதற்கு ஒரே வழிதான் இருந்தது. கிழக்கே அல்மெரியாவுக்குச் செல்லும் கடலோரச் சாலை. தூரம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். ஒருபுறம் மலை, மறுபுறம் கடல்.

அச்சாலையில் நடந்தவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்தையும் தாண்டியதாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோர் பெண்கள், முதியோர், குழந்தைகள். அவர்களைக் கடலிலிருந்து போர்க்கப்பல்கள் சுட்டன. வானிலிருந்து விமானங்கள் குண்டு வீசின. ஒதுங்க இடமில்லாத சாலை அது. இறந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பர். சரியான கணக்கு எடுக்கப்படவே இல்லை.

நோர்மன் பெத்தூன் என்ற கனடா நாட்டு மருத்துவர் அப்போது குடியரசுப் படைகளுக்காக நடமாடும் இரத்த வங்கி ஒன்றை நடத்தி வந்தார். பின்னாளில் சீனாவில் மாவோவின் படைகளுக்கு மருத்துவம் பார்த்து, அங்கேயே 1939-இல் இறந்தவர் இவரே. மாலகாவுக்கு இரத்தம் கொண்டுபோகப் புறப்பட்டவர், வழியில் எதிரே வந்த மக்கள் வெள்ளத்தைக் கண்டு வண்டியைத் திருப்பினார். உள்ளேயிருந்த பொருள்களை இறக்கிவிட்டு, குழந்தைகளையும் நடக்க முடியாதவர்களையும் ஏற்றிக்கொண்டு, அவரும் அவருடைய உதவியாளர்களும் அல்மெரியாவுக்கு மாறி மாறி ஓடினார்கள். யாரை ஏற்றுவது, யாரை விடுவது என்று அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. தாயை ஏற்றினால் இன்னொரு தாயின் குழந்தைக்கு இடமில்லை. தாம் கண்டதை அவர் அதே ஆண்டில் சிறு நூலாக எழுதி வெளியிட்டார்.

ஃபிராங்கோ 1975-இல் இறக்கும் வரை ஸ்பெயினில் இதைப் பற்றிப் பேச முடியவில்லை. அதற்குப் பிறகும் நெடுநாள் பேசப்படவில்லை. 2006-இல்தான் மாலகாவின் கடலோர நடைபாதை ஒன்றுக்குக் 'கனடியர் நடைபாதை' என்று பெயர் வைத்தார்கள். அன்று மக்கள் நடந்த அந்த வழி 'என் 340' என்னும் நெடுஞ்சாலையின் பகுதி. அதே நெடுஞ்சாலையின் ஓரத்தில்தான் இருபது ஆண்டுகள் கழித்து உல்லாச விடுதிகள் எழுந்தன. இதை அறிந்த பிறகு அக்கடலோரத்தின் விளம்பரப் படங்களை முன்போலப் பார்க்க என்னால் இயலவில்லை.

1959

போருக்குப் பின் ஸ்பெயின் வறுமையில் வாடியது. ஃபிராங்கோவின் அரசாங்கத்தை ஐரோப்பா ஒதுக்கி வைத்திருந்தது. கையில் அந்நியச் செலாவணி இல்லை. 1959 ஜூலையில் அரசாங்கம் பொருளாதார நிலைப்படுத்தும் திட்டத்தைக் கொண்டுவந்து, பெசேட்டாவின் மதிப்பை ஒரு டாலருக்கு 60 என்று குறைத்தது. மேற்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலிருந்து வருபவர்களுக்கு விசாவும் தளர்த்தப்பட்டது. ஒரே இரவில் ஸ்பெயின் மலிவான நாடாகிவிட்டது எனலாம்.

அந்தப் பக்கத்திலும் சில மாற்றங்கள் நிகழ்ந்திருந்தன. வட ஐரோப்பியத் தொழிலாளர்களுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை சட்டப்படி கிடைக்கத் தொடங்கியிருந்தது. விமானத்தை மொத்தமாக வாடகைக்கு எடுத்து, இருக்கையையும் தங்குமிடத்தையும் உணவையும் ஒரே விலைக்குள் அடக்கி விற்கும் முறையை 1950-இல் லண்டனைச் சேர்ந்த விளாதிமிர் ரைட்ஸ் என்பவர் கோர்சிகா தீவுக்குச் செய்து காட்டியிருந்தார். வாடகை விமானம், மலிந்த நாணயம், சம்பளத்துடன் விடுமுறை. இம்மூன்றும் சேர்ந்தபோதுதான் கதிரவன் கரைக்கு மக்கள் கூட்டம் வந்தது. கதிரவன் எப்போதும் அங்கேதான் இருந்தது.

1959-இல் தொரெமோலினோஸின் முதல் சொகுசுத் தங்கும் விடுதியான 'பெஸ் எஸ்பாதா' திறக்கப்பட்டது. பெயரின் பொருள் வாள்மீன். நடிகர் ஃபிராங்க் சினாட்ரா 1964-இல் இங்கே தங்கியபோது செய்தியாளருடன் தகராறாகி, காவல்துறை அவரிடம் 25,000 பெசேட்டா அபராதம் வாங்கியது ஊரறிந்த கதை. மேற்கே மார்பெல்லாவில் வேறு வகையான வளர்ச்சி. ஹோஹன்லோஹே என்ற இளவரசர் தம் குடும்பப் பண்ணையை 1954-இல் 'மார்பெல்லா கிளப்' என்ற விடுதியாக்கி, அரச குடும்பத்தினரையும் கோடீசுவரர்களையும் அழைத்தார். 1970-இல் உல்லாசப் படகுகளுக்கென்றே புவெர்த்தோ பனூஸ் என்ற துறைமுகம் திறக்கப்பட்டது. ஆகத் தொழிலாளருக்குத் தொரெமோலினோஸ், சீமான்களுக்கு மார்பெல்லா என்று கரை பிரிந்தது.

1960-இல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் சுமார் 6 மில்லியன். 1973-இல் அது 34 மில்லியனைத் தாண்டியது. இதே ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்பானியர்கள் வேலை தேடி ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து நாடுகளுக்குப் போனார்கள். ஜெர்மன்காரர் ஓய்வெடுக்கத் தெற்கே வந்தார். ஆண்டலூசியாவின் விவசாயி அவருடைய நாட்டுத் தொழிற்சாலைக்கு வடக்கே போனார்.

சுவருக்குப் பின்னால் ஒருவர்

மிஹாஸ் என்ற மலையூரைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கடல்மட்டத்திலிருந்து நானூறு மீட்டருக்கு மேல், வெள்ளையடித்த வீடுகளும் பூந்தொட்டிகளும் நிறைந்த ஊர். கடற்கரையில் தங்குபவர்கள் ஒருநாள் மேலே ஏறிச் சுற்றிவிட்டு இறங்குவது வழக்கம். 1960-களில் இங்கே 'கழுதை வாடகை வண்டி' வந்தது. கல் சுமந்த கழுதைகளின்மேல் சுற்றுப்பயணிகள் ஏறிப் படமெடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அஃது இன்றும் அவ்வூரின் அடையாளமாக விளங்குகிறது.

அந்தக் கழுதைகள் நடந்த அதே காலத்தில், அதே ஊரின் ஒரு வீட்டுக்குள் ஒருவர் ஒளிந்திருந்தார். மனுவேல் கோர்த்தேஸ். தொழிலால் முடிதிருத்துநர். போருக்கு முன் மிஹாஸின் குடியரசுக் கால மேயராக இருந்தவர். 1939-இல் போர் முடிந்து இரகசியமாக ஊர் திரும்பியவர், பிடிபட்டால் சுட்டுக் கொல்லப்படுவோம் என்பதால் வீட்டுக்குள் மறைந்தார். முதலில் சுவருக்குள் ஒரு பொந்து, பின்னர் மாடியறை. முப்பது ஆண்டுகள் அவர் வெளியே வரவில்லை. மனைவி ஹூலியானா முட்டை வாங்கி விற்றுக் குடும்பத்தைக் காப்பாற்றினார். மகள் வளர்ந்தாள். அவளுடைய திருமணமும் அப்பா ஒளிந்திருக்கையிலேயே நடந்தது. 1969-இல் போர்க்காலக் குற்றங்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவிக்கப்பட்ட பிறகே அவர் தெருவில் கால் வைத்தார். உள்ளே போனபோது அவர் விட்டுச் சென்றது ஏழை மலையூர்; வெளியே வந்தபோது கண்டது கடைத்தெருவும் கார்களும் வெளிநாட்டாரும். ரொனால்ட் ஃபிரேசர் என்ற ஆங்கிலேய எழுத்தாளர் அக்குடும்பத்தாரின் வாய்மொழியையே 1972-இல் நூலாக்கினார். சுற்றுலா வழிகாட்டி நூல்களில் மிஹாஸ் என்றால் கழுதைதான் முதலில் வருகிறது.

பார்க்கவும் சுவைக்கவும்

கதிரவன் கரையில் இன்று பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு சுருக்கம். நெர்ஹாவில் 1959 ஜனவரியில் வௌவால் பிடிக்கப் போன ஐந்து இளைஞர்கள் கண்டுபிடித்த பெருங்குகை உண்டு. பத்துமலையை நினைத்துக்கொள்ளலாம், படிகள் மட்டும் கீழே இறங்குகின்றன. அவ்வூரின் கடல் பார்க்கும் மேடைக்கு 'ஐரோப்பாவின் உப்பரிகை' என்று பெயர். மன்னர் பன்னிரண்டாம் அல்போன்சோ 1885-இல் வந்தபோது சூட்டியது என்பது ஊர் வழக்கு. பெனால்மாதெனாவில் 33 மீட்டர் உயரமுள்ள பௌத்த தூபி 2003-இல் கட்டி முடிக்கப்பட்டது. கத்தோலிக்க நாட்டின் கடலோரத்தில் தூபி ஒன்று நிற்பது வியப்பே. 1972 முதல் அங்கு இயங்கிய 'திவோலி வேர்ல்ட்' கேளிக்கைப் பூங்கா 2020-இல் மூடப்பட்டது. குழிப்பந்துத் திடல்கள் 70-க்கும் மேல். மாலகா நகரத்தில், அங்கே 1881-இல் பிறந்த ஓவியர் பிக்காசோவின் பெயரில் 2003-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. மாலகாவிலிருந்து புறப்படும் கடலோர ரயில் விமான நிலையம், தொரெமோலினோஸ் வழியாக ஃபுவெங்கிரோலா வரை போய் நின்றுவிடும். பணக்கார மார்பெல்லாவுக்கு இன்றும் ரயில் இல்லை.

இவற்றைவிட என்னைக் கவர்ந்தவை இரண்டு. ஒன்று 'எஸ்பெத்தோ'. மத்தி மீன்களை வரிசையாக நாணற்குச்சியில் கோத்து, விறகுத் தணலின் ஓரத்தில் மணலில் குத்தி வாட்டுவார்கள். கல்லுப்பைத் தவிர வேறு மசாலா கிடையாது. நம் நாக்குக்குச் சற்று மிளகாய் இருந்தால் தேவலாம் போலிருக்கும். மாலகாவின் எல் பாலோ மீனவர் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது கடைச் சாப்பாடாயிற்று. மன்னர் கத்தியும் முள்கரண்டியும் எடுத்தபோது, கையால் சாப்பிடும்படி கடைக்காரரே சொல்லிக்கொடுத்தாராம். இந்த ஒரு செய்திக்காகவே மாலகா மக்களை நமக்குப் பிடித்துப்போகும். இன்று கடற்கரைக் கடைகளில் இதற்கான அடுப்பு ஒரு படகு. பழைய மீன்பிடிப் படகைக் கரையில் நிறுத்தி, வயிறு நிறைய மணலைக் கொட்டி, அதன்மேல் தீ மூட்டுகிறார்கள்.

மற்றொன்று 'பிஸ்னாகா'. கோடை மாலைகளில் வெள்ளைச் சட்டையும் இடுப்பில் சிவப்புத் துணியும் அணிந்த ஆடவர்கள் மல்லிகை விற்கிறார்கள். மொட்டுகளைப் பறித்து, காய்ந்த முட்செடியின் ஒவ்வொரு காம்பிலும் ஒவ்வொன்றாகச் செருகிப் பந்துபோல் ஆக்கி, அப்பந்துகளைச் சப்பாத்திக்கள்ளி மடலில் குத்தி எடுத்து வருவார்கள். இரவில் மொட்டுகள் விரிந்து மணக்கும். மொட்டாக இருக்கும்போதே தொடுத்துவிட வேண்டும் என்ற நுட்பம் நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வரவும் செலவும்

ஆண்டு முழுவதும் ஒரே தொழிலை நம்பியிருக்கும் ஊருக்கு ஒரு தும்மல் வந்தாலும் காய்ச்சல்தான். 1973-இல் எண்ணெய் விலை ஏறியது. 1974 ஆகஸ்டில் பிரிட்டனின் 'கோர்ட் லைன்' நிறுவனம் நொடித்துப் பல்லாயிரம் பயணிகள் வெளிநாடுகளில் தவித்தபோது, ஸ்பெயினின் விடுதிகளுக்கு வர வேண்டிய பணமும் நின்றது. 2020-இல் பெருந்தொற்று அதையே இன்னும் பெரிதாகச் செய்தது.

மார்பெல்லாவின் நோய் வேறு. அங்கே நகராட்சியே நிலத் தரகராகிவிட்டது. 1991 முதல் 2002 வரை மேயராக இருந்த ஹெசூஸ் ஹில் காலத்திலும் அவருக்குப் பின்னும், திட்ட விதிகளை மீறி ஆயிரக்கணக்கான வீடுகள் எழும்பின. 2006 மார்ச்சில் காவல்துறை மேயர் உள்ளிட்டோரைக் கைது செய்தது. அந்நடவடிக்கைக்கு அவர்கள் வைத்த பெயர் 'மலாயா'. நம் நாட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று அவசரமாகச் சொல்லிவிடுகிறேன். அதற்கடுத்த மாதம் அரசாங்கம் நகராட்சி மன்றத்தையே கலைத்தது. ஸ்பெயினின் மக்களாட்சி வரலாற்றில் அதுவே முதல் முறை. 2013-இல் வந்த தீர்ப்பில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். கட்டிய வீடுகள் மட்டும் பெரும்பாலும் அப்படியே நிற்கின்றன. வாங்கியவர் குடியேறிய பிறகு இடிப்பது எளிதா?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1978ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டம் கடற்கரையைப் பொதுச் சொத்து என்று அறிவித்தது. 1988-இல் வந்த கடற்கரைச் சட்டம், கரையை ஒட்டிய 100 மீட்டரை, ஏற்கெனவே நகரமாகிவிட்ட இடங்களில் 20 மீட்டரை, பாதுகாப்புப் பகுதியாக்கியது. ஆகவே விடுதி எவ்வளவு பெரிதானாலும் அதன்முன் உள்ள மணல் விடுதிக்குரியதன்று. எவரும் துண்டை விரித்துப் படுக்கலாம். சட்டம் வருவதற்குள் பாதிக் கரை கட்டடமாகிவிட்டது என்பது வேறு விஷயம்.

வருபவர் தொகை இன்னும் ஏறுகிறது. 2024-இல் ஸ்பெயினுக்கு வந்த வெளிநாட்டுப் பயணிகள் ஏறக்குறைய 94 மில்லியன். மாலகா விமான நிலையத்தை மட்டும் அவ்வாண்டில் சுமார் 25 மில்லியன் பயணிகள் பயன்படுத்தினர். ஆனால் தண்ணீர் ஏறவில்லை. 2023, 2024ஆம் ஆண்டுகளின் வறட்சியில் கடற்கரைக் குளியல் குழாய்கள் பல ஊர்களில் மூடப்பட்டன. வீட்டு வாடகையோ ஏறிக்கொண்டே போகிறது. குடியிருப்புகளைச் சுற்றுப்பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுவதில் வருமானம் அதிகம் என்பதால், அந்த ஊரிலேயே விடுதிப் படுக்கை விரிப்பவருக்கும் தட்டு கழுவுபவருக்கும் வீடு கிடைப்பதில்லை. 2024 ஜூன் 29 அன்று மாலகா தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் ஊர்வலம் போனார்கள். அவர்கள் சுற்றுலாவை நிறுத்தச் சொல்லவில்லை. தாங்கள் வாழும் நகரத்தில் தாங்கள் வாழ இடம் கேட்டார்கள்.

ஜனவரி மாதப் பயணிகள்

உல்லாச விடுதிகளுக்குக் குளிர்காலம் எப்போதும் தலைவலி. அறைகள் காலியாகக் கிடக்கும். வேலையாட்களை நிறுத்த வேண்டி வரும். 1985-இல் ஸ்பெயின் அரசாங்கம் இதற்கொரு வழி கண்டது. ஓய்வூதியம் பெறும் முதியவர்களை, செலவில் ஒரு பகுதியை அரசே ஏற்று, ஆளில்லா மாதங்களில் கடலோர விடுதிகளுக்கு அனுப்பும் திட்டம் அது. விடுதிக்கு ஆள் கிடைத்தது. வேலையாளுக்கு வேலை கிடைத்தது. வயல் காட்டிலும் சுரங்கத்திலும் ஆயுள் முழுவதும் உழைத்தவர்கள், சிலர் முதன்முறையாக, விடுதி அறையில் தங்கிக் கடலைப் பார்த்தார்கள். திட்டம் இன்றும் நடக்கிறது.

என் பாட்டி தோட்டத்தில் நாற்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். கடலுக்குப் போனது ஒரே முறை, கோயில் பேருந்தில், போர்ட்டிக்சனுக்கு. தண்ணீரில் இறங்காமல், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, மரத்தடியில் எங்கள் உடைமைகளுக்குக் காவலாக உட்கார்ந்திருந்தார். அவருக்கென்று ஓர் அறையும், கடலைப் பார்த்த ஒரு நாற்காலியும், சமைக்க வேண்டாத ஒரு வாரமும் தர வேண்டும் என்று எங்களில் எவருக்கும் தோன்றவில்லை. பாட்டியும் கேட்கவில்லை.

ஜனவரி மாதம் தொரெமோலினோஸுக்குப் போனால் கடற்கரையில் இளைஞர் கூட்டத்தைக் காண முடியாது. வெயில் ஏறிய பிறகு, கம்பளிச் சட்டை போட்ட பாட்டிகளும் தாத்தாக்களும் கைகோத்தபடி நடைபாதையில் இக்கோடியிலிருந்து அக்கோடிக்கு மெதுவாக நடப்பார்கள். ஒரு மணியானால் விடுதிக்குத் திரும்பிவிடுவார்கள். சாப்பாடு அங்கே தயாராக இருக்கும்.